கோப்பைத் திறப்பது யார்?

2007 ஜனவரி 30. விண்டோஸ் விஸ்டா பொதுமக்கள் கைக்கு வந்த நாள். எக்ஸ்பி வெளியாகி ஐந்து வருடங்களுக்கு மேல் ஆகியிருந்ததால் எதிர்பார்ப்பு ஏகமாக இருந்தது. கண்ணாடி போல மினுக்கும் சன்னல்களைப் பற்றியும், எதற்கெடுத்தாலும் "அனுமதிக்கலாமா?" என்று கேட்டு நச்சரிக்கும் புதிய பாதுகாப்புப் பெட்டியைப் பற்றியும் ஊரெல்லாம் பேசியது. ஆனால் கணினியைக் கொஞ்சம் குடைந்து பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் வேறு ஒன்றைத் தேடிவிட்டுத் திகைத்து நின்றார்கள். எக்ஸ்பியில் 'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்' பெட்டியைத் திறந்தால் ஜெனரல், வியூ என்ற டேப்களுக்கு அடுத்து 'ஃபைல் டைப்ஸ்' என்று ஒரு டேப் இருக்கும். விஸ்டாவில் அதைக் காணோம். அந்த இடத்தில் 'சர்ச்' உட்கார்ந்திருந்தது.

காணாமல் போன டேப் செய்துவந்த வேலை சின்னதில்லை. ஒரு கோப்பை டபுள் க்ளிக் செய்தால் எந்த மென்பொருள் திறக்க வேண்டும், வலது க்ளிக் செய்தால் வரும் பட்டியலில் என்னென்ன கட்டளைகள் இருக்க வேண்டும், அந்த வகைக் கோப்புக்கு என்ன ஐகான், என்ன பெயர் என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். மாற்றலாம். புதிதாக ஒரு வகையைச் சேர்க்கலாம், வேண்டாததைத் தூக்கி எறியலாம். விஸ்டாவில் இத்தனையிலும் ஒரே ஒரு வேலைதான் மிஞ்சியது. எந்த மென்பொருள் என்று பட்டியலிலிருந்து பொறுக்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஒரு டேப் போனதற்கு இவ்வளவு புலம்பலா என்று தோன்றலாம். ஆனால் அந்த டேப்புக்குப் பின்னால் ஒரு நீண்ட வழக்கு இருக்கிறது. ஒரு கோப்பை எது திறக்கும் என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு? கோப்பை உருவாக்கிய மென்பொருளுக்கா, இயங்குதளத்தை விற்ற நிறுவனத்துக்கா, இல்லை கணினிக்குக் காசு கொடுத்தவருக்கா? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு பதில் சொல்லப்பட்டிருக்கிறது.

கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து மூன்று எழுத்து போடும் பழக்கத்தை மைக்ரோசாஃப்ட் கண்டுபிடித்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அது டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 1960களின் கணினிகளிலேயே இருந்தது. அவர்களுடைய பிடிபி-6, பிடிபி-10 கணினிகளில் ஒரு 'சொல்' என்பது 36 பிட். ஓர் எழுத்துக்கு 6 பிட் என்று வைத்தால் ஒரு சொல்லில் ஆறு எழுத்துகள் அடங்கும். அதுதான் கோப்பின் பெயர். அடுத்த சொல்லில் பாதி, அதாவது 18 பிட், பெயரின் வால் பகுதிக்கு. பதினெட்டை ஆறால் வகுத்தால் மூன்று. நாம் இன்றும் எழுதும் மூன்றெழுத்து வாலுக்குப் பின்னால் இருந்தது இந்தச் சாதாரண வகுத்தல் கணக்குதான்!

1974இல் கேரி கில்டால் சிறு கணினிகளுக்காக சிபி/எம் என்ற இயங்குதளத்தை எழுதியபோது டிஜிட்டலின் பழக்கங்கள் அதிலும் வந்து சேர்ந்தன. பெயருக்கு எட்டு எழுத்து, வாலுக்கு மூன்று. 1980இல் டிம் பேட்டர்சன் எழுதிய 86-டாஸ் அதையே பின்பற்றியது. மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது, 1981இல் ஐபிஎம் பிசியோடு அது உலகெங்கும் போனது. வட்டில் அந்தப் புள்ளி எழுதப்படுவதே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. எட்டும் மூன்றும் சேர்த்துப் பதினோரு எழுத்துக்கான இடம் மட்டும்தான். புள்ளி நம் கண்ணுக்காக நடுவில் போட்டுக் காட்டப்படுவது.

டாஸ் காலத்தில் இந்த வால் எதையும் தீர்மானிக்கவில்லை. காம், எக்ஸ்இ, பேட் என்ற மூன்றை மட்டும் இயங்குதளம் அடையாளம் கண்டு ஓட்டும். மற்றபடி எந்தக் கோப்புக்கு என்ன பெயர் வைத்தாலும் அதற்குக் கவலை இல்லை. முதலில் மென்பொருளின் பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டும், பிறகு கோப்பின் பெயரை. எதைக் கொண்டு எதைத் திறப்பது என்பது முழுக்க முழுக்க விசைப்பலகை முன்னால் உட்கார்ந்திருப்பவரின் முடிவு. சிரமம்தான், ஆனால் குழப்பம் இல்லை.

1984இல் ஆப்பிள் மெக்கின்டாஷ் வந்ததும் வரிசை தலைகீழானது. இப்போது கோப்பின் படத்தை நேராக க்ளிக் செய்ய வேண்டும், மென்பொருள் தானாக வர வேண்டும். அப்படியானால் எந்த மென்பொருள் என்று கோப்பே சொல்லியாக வேண்டும். ஆப்பிள் இதற்குச் செய்த ஏற்பாடு அழகானது. ஒவ்வொரு கோப்போடும் நான்கு எழுத்துக் குறியீடுகள் இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்று, இது என்ன வகை. மற்றது, இதை உருவாக்கியது யார். இரண்டும் பெயரில் தெரியாது, கோப்பு முறைமைக்குள் மறைந்திருக்கும். ஒரே மாதிரியான இரண்டு எழுத்துக் கோப்புகளில், ஒன்றை வேர்டு உருவாக்கியிருந்தால் வேர்டில் திறக்கும், மற்றதைச் சின்ன எடிட்டர் உருவாக்கியிருந்தால் அந்த எடிட்டரில் திறக்கும். பெயரை எப்படி மாற்றினாலும் இந்தத் தொடர்பு அறுபடாது. விண்டோஸ்காரர்கள் பிற்காலத்தில் பட்ட பாடுகளில் பாதி மெக்காரர்களுக்குத் தெரியாமலே போனதற்கு இதுதான் காரணம்.

குறை இல்லாமல் இல்லை. இந்த ஏற்பாட்டில் முதல் உரிமை கோப்பை உருவாக்கிய மென்பொருளுக்கு. அது பிடிக்காதவர் குறியீட்டை மாற்ற வேண்டுமென்றால் ரெஸ்எடிட் போன்ற தனிக் கருவியைத் தேடிப் போக வேண்டும். கோப்பை வேறு வகைக் கணினிக்கு அனுப்பினால் அந்த இரண்டு குறியீடுகளும் வழியில் உதிர்ந்துவிடும். இணையம் பரவியதும் அது பெரிய தலைவலியானது. 2001இல் வந்த மேக் ஓஎஸ் டென் மூன்றெழுத்து வாலையும் ஏற்றுக்கொண்டது. 2009இல் வந்த ஸ்னோ லெப்பர்டு, உருவாக்கியவர் குறியீட்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டது. அன்று பழைய மெக் ரசிகர்கள் போட்ட சண்டை விஸ்டா சண்டைக்குச் சற்றும் குறைந்ததல்ல.

யூனிக்ஸ்காரர்களின் வழி மூன்றாவது. பெயரையும் நம்பாதே, ஒட்டிய சீட்டையும் நம்பாதே, கோப்பைத் திறந்து முதல் சில பைட்டுகளைப் பார் என்பது அவர்கள் கட்சி. 'ஃபைல்' என்ற கட்டளை 1973ஆம் ஆண்டு யூனிக்ஸிலேயே இருந்தது. பெரும்பாலான கோப்பு வகைகள் தொடக்கத்திலேயே ஒரு கையெழுத்து வைத்திருக்கும். சில கையெழுத்துகள் நிஜமாகவே மனிதர்களுடையவை. விண்டோஸின் எக்ஸ்இ கோப்புகள் எல்லாம் எம், இசட் என்ற இரண்டு எழுத்துகளோடு தொடங்கும், அது மைக்ரோசாஃப்ட் நிரலாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயர்ச் சுருக்கம். ஜிப் கோப்புகள் பி, கே என்று தொடங்கும், அது ஃபில் காட்ஸ். இன்றைய வேர்டின் டாக்எக்ஸ் கோப்பும் உள்ளே ஒரு ஜிப்தான் என்பதால், உலகம் முழுக்கத் தினமும் சேமிக்கப்படும் கடிதங்களிலும் பாடத்திட்டங்களிலும் அந்த மனிதரின் பெயரெழுத்து இருக்கிறது. அவர் 2000இல் 37 வயதில் இறந்துபோனார்.

விண்டோஸ் இந்த மூன்றில் டாஸிடமிருந்து வாலை எடுத்துக்கொண்டது. விண்டோஸ் 3.0, 3.1 காலத்தில் வின்.ஐஎன்ஐ என்ற சாதாரண எழுத்துக் கோப்பில் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கும். டிஎக்ஸ்டி என்றால் நோட்பேடு என்பது போல வகைக்கு ஒரு வரி. அந்த வரியை நோட்பேடிலேயே திறந்து மாற்றலாம்! ஃபைல் மேனேஜரில் 'அசோசியேட்' என்று ஒரு கட்டளையும் இருந்தது. 1992இல் வந்த 3.1இல் இதோடு ரெஜிஸ்ட்ரேஷன் டேட்டாபேஸ் என்ற சிறு பதிவேடும் சேர்ந்தது. பின்னாளில் எல்லோரையும் மிரட்டப்போகும் ரெஜிஸ்ட்ரி அப்போது ஒரே ஒரு கிளையோடு இருந்த குழந்தை. அந்தக் கிளையின் பெயர் ஹெச்கீ கிளாசஸ் ரூட்.

1995 ஆகஸ்ட் 24இல் விண்டோஸ் 95 வந்தது. ஃபைல் டைப்ஸ் டேப் பிறந்தது அதில்தான். எக்ஸ்புளோரரில் வியூ, பிறகு ஆப்ஷன்ஸ் என்று போனால் கணினிக்குத் தெரிந்த எல்லாக் கோப்பு வகைகளும் வரிசையாக நிற்கும். டேப்பின் பின்னால் ரெஜிஸ்ட்ரி வேலை செய்தது. வணிகவியல் மாணவர்களுக்கு அதன் அமைப்பு சட்டென்று புரியும். குறிப்பேட்டில் ஒரு பதிவு எழுதும்போது பக்கத்தில் பேரேட்டுப் பக்க எண் குறிப்போம் அல்லவா? அதே மாதிரி, டிஎக்ஸ்டி என்ற வாலுக்கு நேராக மென்பொருளின் பெயர் இருக்காது, 'டிஎக்ஸ்டிஃபைல்' என்ற இன்னொரு தலைப்பின் பெயர் இருக்கும். அந்தத் தலைப்புக்குப் போனால் ஷெல், ஓபன், கமாண்ட் என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் நோட்பேடு எங்கே இருக்கிறது என்ற முகவரி கிடைக்கும். முகவரிக்குப் பின்னால் %1 என்று ஒரு குறி. க்ளிக் செய்த கோப்பின் பெயர் வந்து உட்காரும் இடம் அது. இப்படி இரண்டு படியாக வைத்ததால் பத்து விதமான வால்களை ஒரே தலைப்பில் கட்டிவிடலாம், தலைப்பை ஒருமுறை மாற்றினால் பத்தும் மாறும்.

(அந்த %1ஐ மேற்கோள் குறிகளுக்குள் போட மறந்து அவதிப்பட்டவர்கள் ஏராளம். விண்டோஸ் 95 நீளமான பெயர்களையும் பெயர் நடுவே இடைவெளியையும் அனுமதித்தது. மேற்கோள் குறி இல்லாவிட்டால், இரண்டு சொல் உள்ள பெயரைப் பல மென்பொருள்கள் இரண்டு கோப்புகளாகப் படித்துவிட்டு இரண்டும் இல்லை என்று கைவிரிக்கும்.)

அதே விண்டோஸ் 95 இன்னொரு காரியமும் செய்தது. தெரிந்த வகைக் கோப்புகளின் வாலைப் பெயரிலிருந்து மறைத்துவிட்டது. திரை சுத்தமாக இருக்கும், புதியவர்கள் பெயர் மாற்றும்போது தவறுதலாக வாலை அழித்துவிட மாட்டார்கள் என்பது இதற்குச் சாதகமான வாதம். நல்ல நோக்கம்தான். ஆனால் எந்த மென்பொருள் ஓடப்போகிறது என்பதைத் தீர்மானிக்கும் ஒரே அடையாளத்தை, அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவரின் கண்ணிலிருந்தே மறைத்தது எவ்வளவு பெரிய தவறு என்று 2000 மே 4 அன்று தெரிந்தது.

அன்று பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ஒரு மின்னஞ்சலில் காதல் கடிதம் என்ற பெயரில் ஓர் இணைப்பு இருந்தது. பெயரின் கடைசியில் டிஎக்ஸ்டி என்று தெரிந்தது. வெறும் எழுத்துக் கோப்பு என்ன செய்துவிடும் என்று க்ளிக் செய்தார்கள். டிஎக்ஸ்டிக்குப் பின்னால் விபிஎஸ் என்ற நிஜ வால் மறைந்திருந்தது. விபிஎஸ் என்றால் விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் திறக்கும், திறப்பது என்றால் அதற்கு உள்ளே உள்ள கட்டளைகளை ஓட்டுவது. முகவரிப் புத்தகத்தில் உள்ள அத்தனை பேருக்கும் அதே கடிதம் போனது. கணினியில் இருந்த ஜேபிஜி படங்களின் மேல் வைரஸ் தன்னையே எழுதிக்கொண்டது. குடும்பப் படங்கள் போனவர்கள் கதை நிறைய. ஒரே நாளில் உலகம் முழுக்க அஞ்சல் சர்வர்களை நிறுத்திவைக்கும் நிலை வந்தது.

அந்த வாரத்துக்குப் பிறகு பல அலுவலகங்களின் கணினிப் பொறுப்பாளர்கள் செய்த எளிய வைத்தியம் என்ன தெரியுமா? ஃபைல் டைப்ஸ் டேப்புக்குப் போய் விபிஎஸ் வகையை நோட்பேடோடு கட்டிவிட்டார்கள். அதன் பிறகு யாராவது க்ளிக் செய்தால் வைரஸ் ஓடாது, அதன் நிரல் வெறும் எழுத்தாகத் திரையில் விரியும், அவ்வளவுதான். புதிய மென்பொருள் எதுவும் வாங்கத் தேவையில்லை. அரை நிமிட வேலை.

அடுத்த வருடமே இதன் மறுபக்கமும் தெரிந்தது. 2001 ஜூலையில் பரவிய சர்காம் என்ற வைரஸ், எக்ஸ்இ கோப்புகளின் தொடர்பையே மாற்றியது. கணினியில் எந்த மென்பொருளை ஓட்டினாலும் முதலில் வைரஸ் ஓடும், பிறகுதான் கேட்ட மென்பொருள். வைரஸை அவசரப்பட்டு அழித்தவர்கள் இன்னும் மோசமாக மாட்டிக்கொண்டார்கள். எக்ஸ்இயைத் திறக்க வேண்டியது இல்லாமல் போனதால் எந்த மென்பொருளும் ஓடாது. சரிசெய்ய ரெஜெடிட் வேண்டும், ஆனால் ரெஜெடிட்டும் ஓர் எக்ஸ்இதான்! பூட்டிய அறைக்குள் சாவி மாட்டிக்கொண்ட கதை. வைரஸ் தடுப்பு நிறுவனங்கள் சொன்ன தீர்வு டாஸ் காலத்திலிருந்து வந்தது. ரெஜெடிட்டைப் பிரதியெடுத்து, வாலைக் காம் என்று மாற்றி ஓட்டச் சொன்னார்கள். காமின் தொடர்பு வேறு தலைப்பில் இருந்ததால் அது வேலை செய்தது.

வைரஸ்கள் செய்ததை, சட்டப்படியான மென்பொருள்களும் கொஞ்சம் மரியாதையாகச் செய்துகொண்டிருந்தன. 1990களின் கடைசியில் ரியல்பிளேயர், குயிக்டைம், விண்டோஸ் மீடியா பிளேயர் மூன்றும் பாட்டையும் படத்தையும் யார் திறப்பது என்று மல்லுக்கு நின்றன. ஒன்றை நிறுவினால் அது மற்றதன் தொடர்புகளைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும். 1998 ஜூலையில் ரியல்நெட்வொர்க்ஸ் தலைவர் ராப் கிளேசர் அமெரிக்க செனட் குழுவின் முன்னால், மைக்ரோசாஃப்டின் பிளேயரை நிறுவினால் தங்களுடையது வேலை செய்வதில்லை என்று செய்தே காட்டினார். தவறு ரியல்பிளேயரில்தான் என்றது மைக்ரோசாஃப்ட். அதே ஆண்டு தொடங்கிய பெரிய ஏகபோக வழக்கில் ஆப்பிளின் ஏவி டெவேனியன், விண்டோஸில் குயிக்டைமுக்கு வேண்டுமென்றே இடைஞ்சல் செய்யப்பட்டதாகச் சாட்சி சொன்னார். மைக்ரோசாஃப்ட் அதையும் மறுத்தது. எது உண்மையோ, கோப்புத் தொடர்பு என்ற சின்ன விஷயம் நாட்டின் மிகப்பெரிய வழக்கில் சாட்சிக் கூண்டு வரை ஏறிவிட்டது.

அந்த வழக்கின் சமரசத்தால் 2002இல் எக்ஸ்பியின் முதல் சர்வீஸ் பேக்கில் 'செட் புரோகிராம் ஆக்சஸ் அண்ட் டிஃபால்ட்ஸ்' என்று ஓர் இடம் வந்தது. மைக்ரோசாஃப்ட் அல்லாத உலாவியையும் பிளேயரையும் முதன்மையாக வைக்க அது வழி செய்தது.

எந்த மென்பொருள் திறந்தால் என்ன, உள்ளே இருப்பது மாறவா போகிறது என்று கேட்பவர்களுக்கு சிஎஸ்வி கோப்புகளைக் காட்டலாம். சிஎஸ்வி என்பது காற்புள்ளிகளால் பிரித்த வெறும் எழுத்து. எக்செல் நிறுவிய கணினியில் அதை டபுள் க்ளிக் செய்தால் எக்செல் திறக்கும், திறக்கும்போதே தன் இஷ்டப்படி புரிந்துகொள்ளும். கணக்கு எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யங்கள் மாயமாகும், நீண்ட எண்கள் அடுக்குக்குறியாகச் சுருங்கும். சேமித்துவிட்டால் போனது போனதுதான். மார்ச்1 என்று பெயர் வைத்த மரபணுவை எக்செல் தேதியாக மாற்றிவிடும். எக்செல் பட்டியலோடு வெளியான மரபணுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இப்படிப்பட்ட பிழை இருப்பதாக 2016இல் வந்த ஆய்வு சொன்னது. 2020இல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு, எக்செலோடு போராட முடியாமல் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது!

இத்தனைக்கும் பிறகுதான் 2007இல் விஸ்டா வந்து அந்த டேப்பை எடுத்தது.

நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பழைய டேப்பில் ஒருவர் மாற்றினால் அந்தக் கணினியைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் மாறும். அப்பா எம்பி3யை ஒரு பிளேயரோடு கட்டினால் மகளுக்கும் அதுதான். விஸ்டா ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக முடிவு வைக்க நினைத்தது. அதற்காக 'யூசர்சாய்ஸ்' என்று ரெஜிஸ்ட்ரியில் ஒரு புதிய இடம் வந்தது. பயனர் தேர்ந்தெடுத்தது அங்கே எழுதப்படும், பழைய பொதுப் பதிவைவிட அதற்கே முன்னுரிமை. கண்ட்ரோல் பேனலில் 'டிஃபால்ட் புரோகிராம்ஸ்' என்று புதுப் பகுதியும் திறந்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், புதிய இடத்தில் தேர்வு மட்டும்தான் உண்டு. ஒரு தொடர்பை நீக்கி, 'இந்த வகையை எதுவும் திறக்க வேண்டாம்' என்று சொல்ல வழியில்லை. வலது க்ளிக் பட்டியலில் 'பிரின்ட்' பக்கத்தில் இன்னொரு கட்டளை சேர்க்க வழியில்லை. ஐகானை மாற்ற வழியில்லை. டபுள் க்ளிக் செய்தால் 'ஓபன்' வேண்டாம், 'எடிட்' வேண்டும் என்று சொல்லவும் வழியில்லை. அதே சமயம், நிறுவப்படும் மென்பொருள் தன்னைத் தானே முதன்மையாக்கிக்கொள்ளும் வழி மட்டும் விஸ்டாவிலும் 7இலும் திறந்தே இருந்தது. வீட்டுக்காரரிடம் ஒரு சாவியும், வந்துபோகும் விருந்தாளியிடம் கொத்துச் சாவியும் கொடுத்த மாதிரி.

அந்த வருடங்களில் அடிக்கடி நடந்த விபத்து ஒன்று உண்டு. டெஸ்க்டாப்பில் உள்ள குறுக்குவழிகள் எல்லாம் எல்என்கே என்ற வால் கொண்ட கோப்புகள். எப்படியோ அந்த வகை தவறுதலாக ஒரு மென்பொருளோடு ஒட்டிக்கொண்டால், மறுநிமிடம் எல்லாக் குறுக்குவழிகளும் ஒரே ஐகானாக மாறும், எதை க்ளிக் செய்தாலும் அந்த ஒரே மென்பொருள் திறக்கும். எக்ஸ்பியில் இருந்தது போல ஒரு டேப்புக்குப் போய்ச் சரிசெய்ய இங்கே வழியில்லை. ரெஜெடிட்டைத் திறந்து, பயனர் கிளையில் ஃபைல்எக்ஸ்ட்ஸ் வரை இறங்கி, எல்என்கேயின் கீழே உள்ள யூசர்சாய்ஸை அழித்தால்தான் விமோசனம். கணினியைச் சாதாரணமாகப் பயன்படுத்தும் ஒருவரிடம் ரெஜிஸ்ட்ரியைத் தொடாதே என்று பத்து வருடம் பயமுறுத்திவிட்டு, கடைசியில் அங்கேயே அனுப்பினார்கள்.

கட்டளைச் சன்னலில் அசோக், எஃப்டைப் என்ற இரண்டு பழைய கட்டளைகள் இன்னும் உயிரோடு இருந்தன. முதலாவது வாலையும் தலைப்பையும் கட்டும், இரண்டாவது தலைப்பையும் மென்பொருளையும் கட்டும். ஆனால் அவை எழுதுவது பொதுப் பதிவில், யூசர்சாய்ஸில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் அதுதான் ஜெயிக்கும். 'கட்டளை சரியாக ஓடியது, ஆனால் எதுவும் மாறவில்லை' என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்களின் மர்மத்துக்கு விடை இதுதான். காணாமல் போன டேப்பின் இடத்தை நிரப்ப நிர்சாஃப்டின் ஃபைல்டைப்ஸ்மேன் போன்ற சின்னச் சின்ன இலவசக் கருவிகள் வந்தன. ஒரு பெரிய நிறுவனம் எடுத்துவிட்டதைத் தனி மனிதர்கள் எழுதிக் கொடுத்தார்கள்.

2012 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8, விருந்தாளியின் கொத்துச் சாவியைப் பிடுங்கியது. இனி மென்பொருள்கள் தாமாகத் தொடர்பை மாற்ற முடியாது, பயனர்தான் தேர்வு செய்ய வேண்டும். யூசர்சாய்ஸில் எழுதப்படும் ஒவ்வொரு முடிவோடும் ஒரு ரகசியக் கணக்கீட்டின் விடையும் சேர்த்து எழுதப்படும். விடை பொருந்தாவிட்டால் விண்டோஸ் அந்த முடிவைப் போலி என்று தள்ளிவிடும். தொடர்பைத் திருடும் மென்பொருள்களுக்கு இது சரியான பூட்டு. ஆனால் பூட்டின் ரகசியம் மைக்ரோசாஃப்டிடம் மட்டும். ரெஜெடிட்டில் தன் கையாலேயே தன் விருப்பத்தை எழுதும் பயனருக்கும் திருடனுக்கும் வித்தியாசம் தெரியாத பூட்டு அது. 2017இல் ஒரு நிரலாளர் அந்தக் கணக்கீட்டைக் கண்டுபிடித்து ஒரு கருவியாக வெளியிட்டார். நூற்றுக்கணக்கான கணினிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டிய அலுவலகப் பொறுப்பாளர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

2015 ஜூலை 29இல் விண்டோஸ் 10 வந்தது. மறுநாளே மொசில்லாவின் தலைவர் கிறிஸ் பியர்ட், மைக்ரோசாஃப்டின் சத்யா நாதெள்ளாவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். புதிய பதிப்புக்கு மாறும்போது மக்கள் ஏற்கெனவே தேர்ந்து வைத்த உலாவி தூக்கி எறியப்பட்டு எட்ஜ் வந்து உட்காருகிறது, திரும்ப மாற்றுவதையும் கடினமாக்கிவிட்டீர்கள் என்பது குற்றச்சாட்டு. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது நிலைமை கேலிக்கூத்தானது. உலாவியை மாற்ற வேண்டுமென்றால் ஹெச்டிஎம், ஹெச்டிஎம்எல், பிடிஎஃப், எஸ்விஜி, ஹெச்டிடிபி, ஹெச்டிடிபிஎஸ் என்று ஒவ்வொன்றாகத் தனித்தனியாக மாற்ற வேண்டும். எதிர்ப்பு வலுத்து 2022 மார்ச்சில் வந்த புதுப்பிப்பில்தான் உலாவிக்கு ஒரே பொத்தான் கொடுத்தார்கள், அதுவும் முக்கியமான சில வகைகளுக்கு மட்டும்.

ஐரோப்பாவில் கதை வேறு மாதிரி போனது. ஐரோப்பிய ஆணையத்திடம் கொடுத்த வாக்குப்படி 2010 மார்ச்சிலிருந்து விண்டோஸ் அங்கே உலாவிகளின் பட்டியலைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்டது. விண்டோஸ் 7இன் முதல் சர்வீஸ் பேக்கில் அந்தப் பட்டியல் விடுபட்டுப் போனது. 2011 மே முதல் 2012 ஜூலை வரை சுமார் ஒன்றரைக் கோடிப் பேருக்கு அந்தத் திரை வரவேயில்லை. தொழில்நுட்பத் தவறு என்று மைக்ரோசாஃப்ட் மன்னிப்புக் கேட்டது. ஆணையம் 2013 மார்ச்சில் 56.1 கோடி யூரோ அபராதம் போட்டது. ஒரு திரை விடுபட்டதற்கு! 2024 மார்ச்சில் அங்கே டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின் விதிகள் அமலுக்கு வந்த பிறகு, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் உள்ள கணினிகளில் எட்ஜையே நீக்கிவிடலாம். கணினியை முதலில் அமைக்கும்போது எந்த நாடு என்று தேர்ந்தெடுக்கிறோமோ, அதைப் பார்த்து விண்டோஸ் இந்த உரிமையைத் தரும் அல்லது தராது.

ஃபைல் டைப்ஸ் டேப் திரும்பி வரவேயில்லை. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், ஆப்ஸ், டிஃபால்ட் ஆப்ஸ் என்று போய், மேலே உள்ள பெட்டியில் புள்ளியோடு வாலைத் தட்டச்சு செய்தால் அதைத் திறக்கும் மென்பொருள் தெரியும், அதைத் தொட்டு மாற்றலாம். ஐகானையோ வலது க்ளிக் கட்டளையையோ மாற்ற நினைப்பவர் இன்றும் ரெஜெடிட்டுக்குத்தான் போக வேண்டும். திறந்ததும் இடதுபக்கப் பட்டியலில் முதலில் நிற்பது ஹெச்கீ கிளாசஸ் ரூட், 1992இல் வைத்த அதே பெயரில்.